மாகேக்காரருக்கு ஏனாம் எதற்கு?

புதுச்சேரி அரசின் ஏதாவது ஒரு துறைக்கு இணையப் பக்கம் எழுத உட்காருகிறவருக்கு எடுத்த எடுப்பிலேயே ஒரு சிக்கல் உண்டு. அவருடைய வாசகர்கள் ஒரே இடத்தில் இல்லை. தலைநகரிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தெற்கே காரைக்கால். மேற்குக் கடற்கரையில், கேரளத்துக்கு நடுவே மாகே. வடக்கே 840 கிலோமீட்டர் தள்ளி, ஆந்திரத்தில் காக்கிநாடாவுக்குப் பக்கத்தில் ஏனாம். பிரெஞ்சுக்காரர் கையில் கடைசிவரை மிஞ்சியிருந்த இந்தத் துண்டுகள் 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்தன. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான மாற்றமும் முடிந்தது. 2011 கணக்கெடுப்பின்படி மொத்தம் 12.48 லட்சம் பேர். அதில் ஒன்பதரை லட்சம் பேர் புதுச்சேரிப் பகுதியிலும் இரண்டு லட்சம் பேர் காரைக்காலிலும் இருக்கிறார்கள். ஏனாமில் 55 ஆயிரத்துச் சொச்சம், மாகேயில் 41 ஆயிரத்துச் சொச்சம். தமிழ், தெலுங்கு, மலையாளம் என்று பேசும் மொழியும் இடத்துக்கு இடம் மாறுகிறது. போக வேண்டிய அலுவலகம் வேறு, கூப்பிட வேண்டிய எண் வேறு. இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எப்படி அடுக்குவது என்று கேட்டால், வடிவமைப்பாளர் பெரும்பாலும் யோசிக்காமலேயே பதில் சொல்லிவிடுவார்: டேப் போட்டுவிடலாம்.

இங்கே டேப் என்பது பக்கத்துக்குள் இருக்கும் ஒரு பெட்டி. அதன் தலையில் வரிசையாக நாலைந்து பெயர்கள். ஒரு பெயரைத் தொட்டால் அதற்குரிய பகுதி மட்டும் தெரியும், மற்றவை மறைந்துவிடும். வங்கி, கல்லூரி, கைபேசிக் கடை, கோயில் நிர்வாகம் என்று இது இல்லாத தளமே இன்று அபூர்வம். இடத்தை மிச்சப்படுத்தும் வசதி என்றுதான் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். இடம் மிச்சமாவது உண்மைதான். ஆனால் ஒன்றைக் காட்டுவதற்காக மூன்றை மறைத்துத்தான் அந்த மிச்சம் வருகிறது. மறைக்கும்போதே, வடிவமைத்தவர் வாசகருக்கு ஓர் உறுதி கொடுத்துவிடுகிறார்: இதைப் படிக்க வந்த உங்களுக்கு மற்ற மூன்றும் தேவைப்படாது. அந்த உறுதி உண்மையாக இருக்கும் இடத்தில் டேப்பைப் போல உதவுகிற கருவி இல்லை. உண்மையாக இல்லாத இடத்தில், வாசகரின் நேரத்தைத் தின்று பக்கத்தின் அழகைக் காப்பாற்றுகிற ஏற்பாடாக அது ஆகிவிடுகிறது. பார்த்தவரை இரண்டாவது வகையே அதிகம்.

நான்கு பகுதிகளை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், எத்தனை மணிக்குத் திறக்கும் என்று ஒரு பக்கம் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாகேயில் இருப்பவருக்கு ஏனாம் அலுவலகத்தின் முகவரி எதற்கு? ஒன்று வேண்டுமென்றால் மற்றது வேண்டாம். டேப்புக்கான முதல் நிபந்தனை அதுதான், இங்கே அது நிறைவேறிவிட்டது. இரண்டாவது நிபந்தனை இதைவிட முக்கியமானது, அடிக்கடி மறந்துபோவதும் அதுதான்: தொடுவதற்கு முன்பே தனக்குரியது எது என்று வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே அதிலும் சந்தேகமில்லை. வண்டி எண்ணே பி.ஒய்.01 என்றால் புதுச்சேரி, 02 காரைக்கால், 03 மாகே, 04 ஏனாம் என்று ஆளைப் பிரித்துவிடுகிறது. அஞ்சல் குறியீடும் பெரும்பாலும் 605, 609, 673, 533 என்று நான்கு விதமாகத் தொடங்குகிறது. தான் எந்தப் பகுதி என்று யோசித்துப் பார்க்க வேண்டிய குடிமகன் இந்த யூனியன் பிரதேசத்தில் இருக்க முடியாது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் பீட்டர் பிரோலியும் ஸ்டூவர்ட் கார்டும் 1990களில் உருவாக்கிய கோட்பாடு ஒன்று இதை விளக்குகிறது. இரை தேடும் விலங்கு மோப்பம் பிடித்துப் போவதைப் போலத்தான் மனிதர்கள் தகவலைத் தேடுகிறார்கள். ஓர் இணைப்பின் பெயரில் தாங்கள் தேடுவதன் வாசனை இருந்தால் தொடுகிறார்கள், இல்லாவிட்டால் விலகிப் போகிறார்கள் என்றார்கள் இருவரும். ‘காரைக்கால்’ என்ற பெயருக்குக் காரைக்கால்காரரிடம் அந்த வாசனை உண்டு. ‘பொது விவரங்கள்’, ‘இதர தகவல்’, ‘மேலும்’ என்ற பெயர்களுக்கு யாரிடமும் கிடையாது.

இந்தக் கருவி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பிசகு எங்கே நேர்ந்தது என்பதும் தெரியும். பிரெஞ்சுப் புரட்சி அரசு திருச்சபையிடமிருந்தும் பிரபுக்களிடமிருந்தும் ஏராளமான நூல்களைப் பறிமுதல் செய்தது. அவற்றுக்குப் பட்டியல் எடுக்க 1791இல் விதிமுறை வகுத்தபோது, விளையாட்டுச் சீட்டுகளின் பின்பக்கத்தைப் பயன்படுத்தச் சொன்னார்கள். அந்தக் காலத்துச் சீட்டுகளுக்குப் பின்புறம் வெறுமையாகத்தான் இருந்தது. ஒரு நூலுக்கு ஒரு சீட்டு. வேண்டியபோது இடையில் செருகலாம், எடுத்து வரிசை மாற்றலாம். அடுத்த நூற்றாண்டில் இந்த முறை நூலகங்களின் அட்டை இழுப்பறையாக வளர்ந்தது. இழுப்பறையில் ஆயிரம் அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் முன்னால் இருக்கும் ஒன்றைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்கப் பொறியாளர் ஜேம்ஸ் நியூட்டன் கன் இதற்கு ஒரு வழி கண்டார்: சில அட்டைகளின் மேல்விளிம்பில் ஒரு நாக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் எழுத்தோ தலைப்போ இருக்கும். 1897இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். திரையில் நாம் பார்க்கும் டேப்பின் வடிவம் அப்படியே அந்த நாக்குதான். ஆனால் வேலை தலைகீழாகிவிட்டது. இழுப்பறையில் அட்டைகள் ஏற்கெனவே மறைந்து கிடந்தன. கன்னின் நாக்கு மறைந்ததை வெளியே காட்டியது. இணையப் பக்கம் மேலிருந்து கீழாக எவ்வளவு தூரமும் நீளக்கூடியது. அங்கே எதுவும் மறைந்து கிடக்கவில்லை. திறந்து கிடந்ததை மூடிவிட்டு, மூடியதன்மேல் நாக்கை ஒட்டினோம்.

கணினிக்குள் டேப் நுழைந்தபோது இந்தக் குறை இல்லை. ஐபிஎம்மின் ஓஎஸ்/2 1992இல் ஏட்டு வடிவில் டேப்புகளைக் கொண்டுவந்தது. அன்றைய சாளரங்கள் சிறியவை, உள்ளே அமைப்புகள் நிறைய. வேறு வழியில்லை. பெருக ஆரம்பித்த பிறகுதான் தொல்லை. மைக்ரோசாஃப்ட் வேர்டின் பழைய பதிப்புகளில் அமைப்புப் பெட்டியைத் திறந்தால் இரண்டு மூன்று வரிசை டேப்புகள் இருக்கும். பின்வரிசையில் ஒன்றைத் தொட்டால் அந்த வரிசை முழுவதும் முன்னால் குதிக்கும், முன்வரிசை பின்னால் போகும். தேடி வைத்த இடம் மாறிவிடும். அமேசான் 1998இல் தன் தளத்தின் தலையில் டேப்புகளை வைத்தது. கடையில் சரக்கு பெருகப் பெருக அவையும் பெருகி, 2000 வாக்கில் இரண்டு வரிசையாகி, பிறகு அந்த வடிவமே கைவிடப்பட்டது.

எத்தனை டேப் வைக்கலாம் என்பதைவிட எதை எதோடு ஒரே வரிசையில் வைக்கலாம் என்ற கேள்வி ஆழமானது. அதற்கு விடை சொன்னவர் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் நடுவழியில் பிறந்தவர். சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் (பிறப்பு 1892) கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையின் அடிப்படை எளிமையானது: ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் போடாதே, அதன் முகங்களைத் தனித்தனியாகப் பார். எதைப் பற்றியது, எந்த இடம், எந்தக் காலம் என்று ஒவ்வொன்றும் தனிக் கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் தனிப் பதில் வரிசை. இன்று இணையக் கடையில் விலை, நிறம், அளவு என்று தனித்தனியாக வடிகட்டுகிறோமே, அதன் கருத்து வேர் இதுதான். டேப் வரிசைக்கும் இதே விதி பொருந்தும். ஒரு வரிசை ஒரே ஒரு கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும். ‘மாணவர்கள்’, ‘காரைக்கால்’, ‘2025’, ‘படிவங்கள்’ என்று நான்கு டேப்புகள் வரிசையாக நின்றால், 2025ஆம் ஆண்டுப் படிவம் தேடும் காரைக்கால் மாணவர் எதைத் தொடுவார்? நான்குமே அவருக்குரியவை. யார், எங்கே, எப்போது, என்ன என்ற நான்கு கேள்விகளின் பதில்களைக் கலந்து ஒரே வரிசையில் நிறுத்தியதன் விளைவு அது. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியும் காத்துவரும் சைவச் சுவடிகள், ஏறக்குறைய 11,000, யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2005இல் இடம்பெற்றன. அப்படியொரு தொகுப்பில் ஒரே சுவடிக்குக் கிரந்தம் என்ற எழுத்து உண்டு, ஆகமம் என்ற பொருள் உண்டு, கிடைத்த ஊர் உண்டு. டேப் போட்டு இதைப் பிரிக்க நினைப்பது வீண் வேலை, வடிகட்டிதான் வேண்டும்.

ஒரே கேள்விக்கான பதில்களாகவே இருந்தாலும் டேப் எப்போதும் பொருந்திவிடாது. உயர்கல்விச் சேர்க்கையை நடத்தும் சென்டாக்கில் பகுதிவாரி ஒதுக்கீடு உண்டு. எந்தப் படிப்பில் எந்தப் பகுதிக்கு எத்தனை இடம் என்ற விவரத்தை நான்கு பகுதிகளின் பெயரில் நான்கு டேப்புகளாகப் போடலாமா? அலுவலக முகவரிக்குப் பொருந்திய அதே நான்கு பெயர்கள்தான். ஆனால் இங்கே வாசகர் செய்யும் வேலை வேறு. பிள்ளையைச் சேர்க்க வந்த தாய்க்குத் தன் பகுதிக்கான இடங்களோடு மற்றப் பகுதிகளின் இடங்களும், மொத்த எண்ணிக்கையும் ஒப்பிடத் தேவைப்படும். இதற்கு ஒரே அட்டவணைதான் சரி. வரிசைக்கு ஒரு படிப்பு, நான்கு பத்திகளில் நான்கு பகுதிகள், கடைசியில் கூட்டுத்தொகை. அதை டேப்பாக வெட்டினால் ஒரு எண்ணைத் தாளில் குறித்துவைத்துவிட்டு அடுத்த டேப்பைத் தொட வேண்டிவரும். ஆகவே ‘இந்த விவரம் நான்காகப் பிரியுமா’ என்று கேட்பது போதாது. ‘இதை வைத்துக்கொண்டு வாசகர் என்ன செய்யப்போகிறார்’ என்று கேட்டால்தான் விடை வரும். வடிவமைப்புக் கூட்டங்களில் முதல் கேள்விதான் எப்போதும் எழுகிறது, ஏனென்றால் அதற்குத் துறையின் அலுவலக வரைபடமே பதில் சொல்லிவிடும்.

மிகப் பரவலான தவறு வேறொன்று. இருப்பிடச் சான்றிதழ் பற்றிய பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ‘தகுதி’, ‘தேவையான ஆவணங்கள்’, ‘கட்டணம்’, ‘விண்ணப்பிக்கும் முறை’, ‘தொடர்புக்கு’ என்று ஐந்து டேப்புகள். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் விண்ணப்பிக்கிற ஒவ்வொருவருக்கும் ஐந்தும் தேவை, அதுவும் வரிசையாக. ஒன்றைப் படித்து மனதில் வைத்துக்கொண்டுதான் அடுத்ததற்குப் போக வேண்டும். ஆவணங்களின் பட்டியல் தகுதியைப் பொறுத்து மாறும். விண்ணப்பிக்கும் முறை ஆவணங்களைச் சுட்டும். இங்கேதான் நினைவாற்றல் பற்றிய ஆய்வுகள் உதவுகின்றன. ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையை வைத்து ‘ஏழு டேப்புக்கு மேல் கூடாது’ என்று பலர் ஓதுகிறார்கள். அது தவறான இடத்தில் பொருத்தப்பட்ட விதி. மில்லர் பேசியது கண்ணெதிரே இல்லாததை மனதில் தாங்கும் அளவைப் பற்றி. டேப்பின் பெயர்கள் கண்ணெதிரேதான் இருக்கின்றன, அவற்றை யாரும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. நினைவில் வைக்க வேண்டியது மூடிய டேப்புக்குள் போன விஷயத்தை. அந்தக் கணக்கில் நெல்சன் கோவன் 2001இல் இன்னும் குறைவான எண்ணைச் சொன்னார்: ஒரே நேரத்தில் நாலு துண்டு, அவ்வளவுதான். ஆதார், ரேஷன் அட்டை, பள்ளிச் சான்று, புகைப்படம் என்று ஆவணப் பட்டியலே நாலைத் தொட்டுவிடுகிறது. பிரிட்டிஷ் அரசின் இணைய வடிவமைப்பு முறை இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது: எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்க வேண்டியிருந்தாலோ, ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டியிருந்தாலோ டேப் வைக்காதே.

இதற்கு முதலில் வரும் மறுப்பு: நீளமான பக்கத்தை யார் கீழே இழுத்துப் படிக்கிறார்கள்? இந்தக் கருத்துக்கு ஒரு காலத்தில் ஆதாரம் இருந்தது. 1990களின் நடுவில், வாசகர்கள் திரையில் முதலில் தெரிவதோடு நின்றுவிடுகிறார்கள் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாகோப் நீல்சன் எழுதினார். 1997க்குள் அவரே அதைத் திருத்திக்கொண்டார். அதற்குப் பிறகு கைபேசி வந்து, கட்டைவிரலால் தள்ளுவது மூச்சுவிடுவது மாதிரி ஆகிவிட்டது. இன்று கேட்க வேண்டியது, ஒரு தள்ளலையும் ஒரு தொடலையும் ஒப்பிட்டால் எது அதிகச் செலவு என்பதுதான். தள்ளும்போது எதுவும் முடிவெடுக்க வேண்டியதில்லை. தலைப்புகள் கண்ணில் பட்டுக்கொண்டே போகும், எதிர்பாராத ஒன்றும் தட்டுப்படும். தொடுவதற்கு முன் பெயரைப் படித்து, உள்ளே என்ன இருக்கும் என்று ஊகித்து, தவறினால் திரும்பி வர வேண்டும். நீளம் உண்மையிலேயே மலைப்பூட்டினால் அதற்குப் பழைய, சலிப்பான, நம்பகமான மருந்து உண்டு: பக்கத்தின் தலையில் ஒரு பொருளடக்கம், ஒவ்வொரு வரியும் கீழே உரிய இடத்துக்குத் தாவும். எதுவும் மறையாது.

இணைய வேகமும் டேட்டா செலவும் இரண்டாவது மறுப்பு. பெரும்பாலான டேப்புகளில் எல்லாப் பகுதிகளின் எழுத்தும் பக்கத்தோடு சேர்ந்தே இறங்கிவிடுகிறது. பிறகு மறைத்து வைக்கப்படுகிறது, அவ்வளவுதான். மிச்சம் ஒன்றுமில்லை. எழுத்தின் எடையும் அற்பம். யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியும் இணையத்தில் மூன்று பைட் பிடிக்கும், ஆங்கில எழுத்தைப்போல மும்மடங்கு. அப்படியிருந்தும் ஆயிரம் சொல் கொண்ட தமிழ்ப் பக்கம் ஏறக்குறைய 30 கிலோபைட். அமுக்கி அனுப்பினால் அதில் ஒரு பகுதிதான். பக்கத்தின் தலையில் சிரிக்கும் ஒரு புகைப்படம் அதைப்போலப் பலமடங்கு. தொட்ட பிறகுதான் இறக்குவது என்று வைத்தால் டேட்டா மிஞ்சும், ஆனால் ஒவ்வொரு தொடலுக்கும் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்புக்குத் தலைவணங்கத்தான் வேண்டும். சேவை மையத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க அதே மென்பொருளில் விண்ணப்பம் பதிகிற ஊழியருக்கு எந்த டேப்பில் எது என்று விரலுக்கே தெரியும். பெயரைப் படிப்பதில்லை, இடத்தைத் தொடுகிறார். அவருக்கு டேப் வேகம் தரும்; நீண்ட பக்கம்தான் தொல்லை. தினமும் வருகிறவருக்கான திரையும் வருடத்துக்கு ஒருமுறை வருகிறவருக்கான பக்கமும் வேறு வேறு பண்டங்கள். அலுவலக மென்பொருள் செய்து பழகிய நிறுவனமே பொதுமக்கள் தளத்தையும் செய்யும்போது முதலாவதன் வழக்கம் இரண்டாவதற்குள் வந்துவிடுகிறது.

தமிழில் செய்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது, ஆங்கிலக் கையேடுகள் அதைப் பேசுவதே இல்லை. சாதாரணக் கைபேசித் திரையின் அகலம் வடிவமைப்புக் கணக்கில் 360 புள்ளி. ஐந்து டேப் என்றால் ஆளுக்கு 72 புள்ளி. படிக்கக்கூடிய 16 புள்ளி அளவில் ‘தேவையான ஆவணங்கள்’ என்று எழுதினால் அது ஒன்றே திரையில் பாதியைத் தின்றுவிடும். ‘விண்ணப்பிக்கும் முறை’யும் அப்படியே. இந்த நிலையில் மூன்று வழிதான்: எழுத்தைச் சிறுக்க வைப்பது, பெயரை வெட்டி மூன்று புள்ளி போடுவது, வரிசையைப் பக்கவாட்டில் தள்ளும்படி செய்வது. முதலாவதில் ஈகாரச் சுழியும் இகரக் கொக்கியும் ஒன்றாகத் தெரியும். இரண்டாவதில் வாசனையே போய்விடும். மூன்றாவதுதான் இப்போது அதிகம். அதில் நான்காவது, ஐந்தாவது டேப் திரைக்கு வெளியே இருப்பதே பலருக்குத் தெரியாது. புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் என்ற நான்கும் இந்த அளவில் நெருக்கியடித்துக்கொண்டுதான் உட்காரும். ‘காரைக்கால்’ இடம் கேட்கும். பிரிட்டிஷ் அரசின் முறையில் சிறு திரை என்றால் டேப் தானாகவே கலைந்து, மேலே இணைப்புப் பட்டியலும் கீழே முழு உள்ளடக்கமுமாக விரிந்துவிடும். சிலர் ஒன்றன்கீழ் ஒன்றாக விரிந்து சுருங்கும் தலைப்புகளை வைக்கிறார்கள். தலைப்புக்கு முழு அகலம் கிடைக்கும், இரண்டைத் திறந்து வைக்கலாம் என்பதால் தமிழுக்கு அது மேல். மறைத்தல் என்ற குறை மட்டும் அப்படியே நிற்கிறது.

நான்கு பகுதி டேப் சரியான தேர்வு என்று ஏற்றுக்கொண்ட பிறகும் வேலை முடிந்துவிடாது. எது முதலில் திறந்திருக்க வேண்டும்? தலைநகர் என்று யாரும் யோசிக்காமல் சொல்வார்கள். எண்ணிக்கைப்படி அது நியாயமும்கூட. ஆனால் மாகேக்காரர் ஒவ்வொரு முறையும் முதலில் பார்ப்பது தனக்குச் சம்பந்தமில்லாத முகவரி. அவர் ஒருமுறை தேர்ந்ததைத் தளம் நினைவில் வைத்துக்கொள்ளலாம். இருப்பிடத்தைத் தளமே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று சிலர் சொல்வார்கள். இணைய இணைப்பை வைத்து ஊரைக் கண்டுபிடிக்கும் முறை காரைக்காலில் இருப்பவரைச் சென்னையில் காட்டக்கூடியது. இன்னொருவரையும் நினைக்க வேண்டும்: நகரத்தை ஒட்டியே இருக்கும் கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. அங்கிருந்து வருகிறவருக்கு நான்கில் எதுவும் இல்லை. புதுச்சேரிப் பகுதியே தமிழ்நாட்டுக்கு நடுவில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ‘இது புதுச்சேரி அரசின் திட்டம்’ என்ற வரி டேப்புக்கு மேலே, எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவான எதையும் டேப்புக்குள் வைக்கலாகாது. நான்கு டேப்பிலும் அதையே திரும்ப எழுதுவது அதைவிட மோசம், ஏனென்றால் திருத்தம் வரும்போது மூன்றில் மாற்றுவார்கள், நாலாவது பழையதாகவே நிற்கும்.

பார்வையற்றவர் திரைவாசிப்பான் வழியாக இந்தப் பெட்டியை எப்படிக் கேட்கிறார் என்பது தனிக் கதை. சரியாகச் செய்திருந்தால் என்.வி.டி.ஏ. போன்ற மென்பொருள், இது டேப், நான்கில் இரண்டாவது, தேர்வாகியிருக்கிறது என்று சொல்லும். அம்புக்குறி விசைகளால் பக்கத்து டேப்புக்கு நகரலாம். இதற்கான குறியீடுகளை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2014 மார்ச்சில் முறைப்படி பரிந்துரைத்தது. குறியீடு இல்லாமல் வண்ணத்தையும் கோட்டையும் மட்டும் வைத்துச் செய்த டேப், காதில் நான்கு தொடர்பற்ற சொற்களாக விழும். தொடலாம் என்பதே தெரியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அரசு இணையதளங்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் 2009லிருந்தே இருக்கின்றன, மூன்றாம் பதிப்பு 2023இல் வெளியானது. விதி இல்லாத குறை இல்லை. ஒப்பந்தப்புள்ளியில் ‘வழிகாட்டு நெறிகளின்படி’ என்று ஒரு வரி எழுதிவிட்டு, வாங்கும்போது விசைப்பலகையை மட்டும் வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்க்காததுதான் குறை. ஐந்து நிமிட வேலை அது.

கண் தெரிந்தவருக்கும் மறைந்தது மறைந்ததுதான். பக்கத்தில் ஒரு சொல்லைத் தேட கன்ட்ரோல்-எஃப் அழுத்தினால் பல உலாவிகள் மூடிய டேப்புக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. இருக்கும் சொல்லை இல்லை என்று காட்டிவிடும். தேடினால் தானாகத் திறந்துகொள்ளும்படி மறைக்கிற வசதியை குரோம் 2022இல் கொண்டுவந்தது; பக்கத்தை எழுதுகிறவர் அதைப் பயன்படுத்தினால்தான் பலன். வாட்ஸ்அப்பில் ஒருவர் இன்னொருவருக்கு இணைப்பை அனுப்பினால், டேப்புக்குத் தனி முகவரி இல்லாதபோது, ஏனாம் டேப்பிலிருந்து அனுப்பியது எதிராளிக்குப் புதுச்சேரி டேப்பில் திறக்கும். அவர் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவார். அச்சு எடுக்கும்போதும் இதே கதை. இன்றும் பலர் பிரவுசிங் சென்டரில் பக்கத்தை அச்செடுத்துக் கையில் பிடித்துக்கொண்டுதான் அலுவலகத்துக்குப் போகிறார்கள். திறந்திருந்த டேப் மட்டும் தாளில் விழுந்திருக்கும். ஆவணப் பட்டியல் வீட்டுக்கு வந்துவிட்டது, கட்டணம் வரவில்லை. அச்சுக்கென்று நாலைந்து வரி விதி எழுதினால் மூடியவை எல்லாம் தாளில் விரியும். பகுதிவாரி முகவரிப் பக்கத்துக்கு மட்டும் அந்த விதி வேண்டாம், காரைக்கால்காரருக்குக் காரைக்கால் மட்டும் வந்தால் போதும். ஆனால் உலாவிகள் பின்னணி வண்ணத்தைச் சாதாரணமாக அச்சிடுவதில்லை என்பதால், எந்த டேப் தேர்வாகியிருந்தது என்பது தாளில் தெரியாது. நான்கு பெயர்களும் ஒரே மாதிரி கறுப்பாக நிற்கும், கீழே ஒரு முகவரி இருக்கும். ஆகவே அந்த முகவரியின் தலையில் பகுதியின் பெயரை இன்னொரு முறை எழுத்தில் போட்டுவிட வேண்டும்.